பால் மட்டும் கொடுத்தால் போதுமா?

"பால் முழு உணவு. சோறு சாப்பிட அடம்பிடிக்கும் பிள்ளைக்கு நாலைந்து டம்ளர் பால் கொடுத்தாலே போதும்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதை நம்பாதீர்கள்.

பாலில் கால்சியமும் புரதமும் தாராளமாக உண்டு, சரி. ஆனால் இரும்புச்சத்து? ஒரு லிட்டர் பசும்பாலில் 1 மில்லிகிராம்கூடத் தேறாது. 1 முதல் 3 வயதுப் பிள்ளைக்கு தினமும் 7, 8 மில்லிகிராம் வேண்டும். போதாக்குறைக்கு, பாலிலுள்ள கால்சியமும் கேசீன் புரதமும் மற்ற உணவின் இரும்பையும் முழுதாக உடலில் சேரவிடாது. பாலால் வயிறு நிறைந்த பிள்ளை தட்டை ஏறெடுத்தும் பார்க்காது. பார்க்கக் கொழுகொழுவென்று இருந்தாலும், கீழ் இமையின் உட்புறம் வெளுத்திருந்தால் ரத்தசோகையாக இருக்கலாம். உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

இந்த வயதில் நாளுக்கு இரண்டு டம்ளர், அதாவது 400 முதல் 500 மில்லி போதும். அதையும் சாப்பாட்டு நேரத்தில் தர வேண்டாம். பருப்புக்கும் முட்டைக்கும் கீரைக்கும் வயிற்றில் இடம் வேண்டுமே. அப்புறம், ஒரு வயது நிறையும்வரை பசும்பாலைக் குடிக்கவே கொடுக்காதீர்கள்.