78,500 ரூபாய்க்கு ஒரு சாக்லேட் கடை

நேற்று ராத்திரி 11.40-க்கு வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் மெசேஜ் வருகிறது. வணிகம் படிக்கிற எங்களைக் கல்லூரியில் கூட்டிப் போன மலேசியா, சிங்கப்பூர் டூருக்குத் திங்கள்கிழமை காலை 10 மணிக்குள் ரிப்போர்ட் வந்தாக வேண்டுமாம், 60 பக்கத்துக்குக் குறையக் கூடாதாம், ஸ்பைரல் பைண்டிங் போட்டு ரெண்டு காப்பியாம். தலைப்பையும் அவர்களே கொடுத்துவிட்டார்கள்: "சிங்கப்பூர் துறைமுகத்தில் சரக்கு மேலாண்மை: ஒரு நேரடிக் கள ஆய்வு". படித்துவிட்டு போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்தேன், தூக்கம் வந்தால்தானே.

நாங்கள் எப்போது ஐயா துறைமுகத்துக்குப் போனோம்? செந்தோசாவுக்குப் போகிற வழியில் கைடு மைக்கைத் தட்டி, "லெஃப்ட் சைடு பாருங்க, அதான் போர்ட்டு" என்றார். அவ்வளவுதான் கள ஆய்வு. நான் ரைட் சைடு ஜன்னல். எழுந்து எக்கிப் பார்ப்பதற்குள் பஸ் தீவுக்குள் திரும்பிவிட்டது. எனக்குக் கிடைத்தது நாலு கிரேன் கழுத்தும் முன் சீட்டுக்காரனின் பின்னந்தலையும். இதை 60 பக்கத்துக்கு எழுத வேண்டும். பின்னந்தலைக்கு வேண்டுமானால் ரெண்டு பக்கம் ஒதுக்குகிறேன்.

பணத்தைப் பற்றிப் பேசவே கூடாது என்றிருந்தேன், ஆனால் வயிறு எரிகிறது. தலைக்கு 78,500. அதில் "விசா மற்றும் பதிவுக் கட்டணம், இரண்டு நாடுகள்" என்று ஒரு வரி, 6,500 ரூபாய். மலேசியாவுக்கு 2023 டிசம்பரிலிருந்தே இந்தியர்களுக்கு விசா வேண்டாம், முப்பது நாள் வரை சும்மா போய்விட்டு வரலாம். அவர்கள் கேட்கும் ஆன்லைன் வருகைப் பதிவுக்குக் காசு கிடையாது, சிங்கப்பூர் வருகை அட்டைக்கும் காசு கிடையாது. அதையும் நாங்களே, ராத்திரி மீனம்பாக்கத்தில் தரையில் உட்கார்ந்து, ஆளுக்கொரு போனில் தட்டினோம். அப்படியானால் சிங்கப்பூர் விசாவுக்குப் போக மீதி எங்களிடம் வாங்கினது எதற்கு என்று கேட்டால், "பிராசஸிங் பா" என்கிறார் ஏஜென்ட்.

சரி, அந்தக் கடை. அதைச் சொல்லாமல் எனக்கு ஆறாது.

கோலாலம்பூரில் இரண்டாம் நாள். காலையிலேயே பத்துமலையில் 272 படி ஏறி இறங்கிக் கால் விண்விண்ணென்று தெறிக்கிறது (நிகழ்ச்சி நிரலில் அதன் பெயர் "பண்பாட்டுச் சுற்றுலா மேலாண்மை", முருகன் மன்னிப்பாராக). மதியம் "தொழிற்சாலைப் பார்வை" என்று போட்டிருந்தார்கள். பஸ் ஒரு கடை வாசலில் நிற்கிறது. பெரிய கண்ணாடிக் கதவு, மேலே பழுப்பு நிற போர்டு. "இது ஷாப்பிங் இல்ல தம்பிங்களா, இண்டஸ்ட்ரி" என்கிறார் கைடு. வாசலில் ஒரு பெண் ஒவ்வொருவர் சட்டையிலும் வட்டமாக ஒரு மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டுகிறாள், அதில் மார்க்கரில் 38 என்று எழுதியிருக்கிறது. 52 பேருக்கும் அதே 38. துறைத் தலைவர் சட்டையிலும் 38. நானும் ஏதோ பாதுகாப்பு விதி போல, தொழிற்சாலை என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நெஞ்சை நிமிர்த்திக் காட்டினேன். என் முட்டாள்தனத்தை எங்கே போய்ச் சொல்வது.

உள்ளே சுவரில் கொக்கோ மரத்தின் படம். படத்துக்குக் கீழே நின்று ஒருவர், "இது காய், இது கொட்டை, இது சாக்லேட்" என்றார். தொழிற்சாலை முடிந்தது. பின்னாலிருந்த கதவைச் சாத்திவிட்டார்கள். வந்த வழி திரும்ப முடியாது, முன்னே போகத்தான் வழி, முன்னே இருப்பதெல்லாம் அலமாரி. டுரியான் சாக்லேட், மிளகாய் சாக்லேட், ஆண்களுக்கு வீரியம் தருமாம், அதற்கென்று ஒரு வேர் சாக்லேட். துறைத் தலைவர் அந்தத் தட்டைப் பார்த்தும் பார்க்காத மாதிரி தாண்டிப் போனதுதான் அன்றைக்கு எங்களுக்குக் கிடைத்த ஒரே சந்தோஷம். "டேஸ்ட் பண்ணுங்கண்ணா, ஒரு பாக்ஸ் 45 ரிங்கிட்தான்" என்று சுத்தத் தமிழில் ஒரு தங்கை. டுரியானை வாயில் போட்டேன். வெங்காயம் அழுகின ஃப்ரிட்ஜைத் திறந்த வாசனை மூக்கு வழியாகத் திரும்பி வந்தது, துப்ப இடமில்லை, அவள் சிரித்துக்கொண்டே நிற்கிறாள், முழுங்கினேன். ஒரு வழியாக பில் போடும் இடத்தைத் தாண்டி வெளியே வந்தால் பஸ் பூட்டியிருக்கிறது, டிரைவரைக் காணோம். ஒரு மணி நேரமாவது உள்ளே இருந்தால்தான் கணக்கில் சேர்ப்பார்களாம். டிரைவரே பின்னால் ஒத்துக்கொண்டார். 38 என்பது எங்கள் ஏஜென்ட்டின் நம்பர். எங்களில் யார் எத்தனை டப்பா வாங்கினாலும் அந்த நம்பருக்குக் கமிஷன் ஏறும். வியாபாரம் படிக்க வந்த 52 பேர், ஆளுக்கொரு விலைச்சீட்டு மாதிரி நெஞ்சில் ஒட்டிக்கொண்டு, கடைக்குள்ளும் வெயிலிலுமாக ஒரு மணி பத்து நிமிஷம் நின்றோம்.

எங்கள் வகுப்புப் பெண் ஒருத்தி மட்டும் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, "கொக்கோ எங்கேர்ந்து வாங்குறீங்க?" என்று நிஜமாகவே கேட்டாள். "அதெல்லாம் தெரியாதும்மா, மூணு வாங்கினா ஒண்ணு ஃப்ரீ" என்று பதில் வந்தது. ராத்திரி ஓட்டலில் அவளே தேடிப் படித்துவிட்டுச் சொன்னாள்: மலேசியாவில் கொக்கோ அரைக்கும் ஆலைகள் நிறைய, ஆனால் அரைக்கிற கொட்டையில் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்து இறக்குமதி. விளைச்சல் ஓரிடம், அரைப்பது ஓரிடம், தின்பது ஓரிடம், லாபம் யாருக்கு? படிக்க வேண்டிய பாடம் அந்தக் கடைக்குள்ளேயே இருந்திருக்கிறது, சொல்லத்தான் ஆளில்லை.

சிங்கப்பூரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சிராங்கூன் ரோட்டில் விட்டார்கள். அங்கே ஒரு அண்ணன், நெல்லிக்குப்பத்துக்காரர், எங்கள் பேச்சைக் கேட்டு, "எந்த ஊரு தம்பி, பாண்டியா?" என்று வந்து நின்றார். கப்பலில் கன்டெய்னர்களை இரும்புக் கம்பி போட்டு இறுக்கிக் கட்டுகிற வேலையாம், அதற்கு லாஷிங் என்று பெயராம். டீ குடித்து முடிப்பதற்குள் அந்த மனிதர் சொல்லிக் கொடுத்ததுதான் எனக்குத் தெரிந்த துறைமுகம். அங்கே இறங்குகிற பெட்டிகளில் பெரும்பாலானவை சிங்கப்பூருக்கென்று வந்தவையே இல்லையாம். சின்னக் கப்பலில் சென்னையிலிருந்து வந்த பெட்டி யார்டில் காத்துக் கிடந்து பெரிய கப்பலில் ஏறிப் போகும். கனமானது அடியில், அடுத்த துறைமுகத்தில் இறங்க வேண்டியது மேலே, இந்த அடுக்கு பிசகினால் நூறு பெட்டியைப் புரட்ட வேண்டும். 2024-இல் மட்டும் 4 கோடிக்கு மேல், இருபதடிப் பெட்டிக் கணக்கில், அந்தத் துறைமுகம் கையாண்டது. அது நான் பிறகு பார்த்துக்கொண்டது. "எவ்ளோ கட்டுன?" என்று கேட்டார். சொன்னேன். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. டீக்கும் அவரே காசு கொடுத்தார்.

கிளம்பும்போது நடந்த வழியனுப்பு விழாவைச் சொல்ல மறந்தேன். "1025-இல் ராஜேந்திர சோழன் கடாரம் கொண்டான், இன்று நம் மாணவர்கள்..." என்று மேடையில் முழங்கினார்கள். கடாரம் கொண்டவன் நெஞ்சில் 38 ஒட்டிக்கொண்டா போனான்? அவ்வளவு வணிக வரலாறு வேண்டுமென்றால் எங்கள் பாண்டியிலேயே அரிக்கமேடு இருக்கிறதே, அரியாங்குப்பத்துப் பக்கம், டவுன் பஸ்ஸில் போய்விடலாம். ரோமாபுரி ஒயின் ஜாடி வந்து இறங்கின ஊர், 1945-இல் தொல்லியல் அறிஞர் வீலர் தோண்டிப் பார்த்த மண். இரண்டு வருஷத்தில் ஒரு நாள் கூட்டிப் போகவில்லை. அங்கே சாக்லேட் கடை இல்லை, அதுதான் காரணம்.

இன்று காலையில் ஒரு புண்ணியவான் போன வருஷ சீனியர்களின் ரிப்போர்ட்டைக் குழுவில் போட்டான். அவர்கள் போனது பாங்காக். பெயரை மட்டும் மொத்தமாக மாற்றியிருக்கிறான். மூன்றாம் பக்கத்தில், "தாய்லாந்தின் தலைநகரான சிங்கப்பூர் சாவ் பிரயா நதிக்கரையில் அமைந்துள்ளது." நான் சிரித்த சிரிப்பில் அம்மா துவைக்கப் போட்ட சட்டையோடு ஓடி வந்தாள். சட்டையில் அந்த ஸ்டிக்கர் இன்னும் இருக்கிறது. "இது என்னடா, போகவே மாட்டேங்குது" என்கிறாள். நானும் அப்படியே பிரிண்ட் போடப் போகிறேன், சாவ் பிரயா உட்பட. யார் படிக்கப் போகிறார்கள்?

பிரிண்ட் போடவாவது வெளியே போகலாம் என்றால், சனிக்கிழமை அல்லவா, எவனோ வெளியூர்க்காரன் எங்கள் வாசலை அடைத்துக் காரை நிறுத்திவிட்டு பீச்சுக்குப் போய்விட்டான். கண்ணாடியில் போன் நம்பர்கூட இல்லை. அப்பா ஸ்கூட்டரை வைத்துக்கொண்டு உள்ளேயே நின்று ஹார்ன் அடிக்கிறார், யாருக்கு அடிக்கிறார் என்று அவருக்கே தெரியாது. இருங்கள், போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.