எழில்னு கூப்பிட நாக்கு வலிக்குதா?

எங்கள் குழந்தையின் பெயர் எழில். மூன்றே எழுத்து, மூன்றும் தமிழ் எழுத்து. இதைக் கேட்டதும் எதிரில் இருப்பவர் முகம் கணக்குப் பரீட்சைத் தாளைப் பார்த்த மாதிரி ஏன் மாற வேண்டும்?

"எளிலா?" "எலிலா?" "ஏஞ்சலா?" ஒரு மருத்துவமனையில் தமிழில், கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். வரவேற்பில் இருந்தவர் சீட்டைக் கண்ணருகே வைத்துக்கொண்டு, "எலி... எலி..." என்று மைக்கில் இழுத்தார். கூடத்தில் இருந்த பாதிப் பேர் காலைத் தூக்கிக்கொண்டு தரையைப் பார்த்தார்கள்!

தமிழ் தெரியாதவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆங்கிலத்தில் ழகரத்துக்கு நாம் போடுவது இசட்டும் எச்சும். ருஷ்யப் பெயர்களில் அதே இரண்டெழுத்து ஜகரத்துக்குப் பக்கத்தில் ஒலிக்கும். அதைப் பார்த்து ஒருவர் 'எஜில்' என்றால் அவர் என்ன செய்வார் பாவம். நாமே கழகத்துக்கு இசட்-எச் போடுகிறோம், தமிழுக்கு எல் போடுகிறோம். 2020 ஜூனில் தமிழ்நாடு அரசு 1018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்துகளை உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி ஆணை போட்டது. கிளம்பிய கேலியில் சில நாட்களிலேயே வாபஸ். அரசாங்கமே தடுமாறிய இடத்தில் கால்சென்டர் ஆள் தடுமாறினால் என்ன?

என் கோபமெல்லாம் நம்மாட்கள் மேல்தான். அதிலும் எல்லோர் மேலும் இல்லை. தெற்கே வாளப்பளம் என்பார்கள், சென்னைப் பக்கம் வாயப்பயம் என்பார்கள், அது ஊர்வழக்கு. பாட்டி "எளிலு" என்று கூப்பிட்டால் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் வெளிநாட்டுப் பந்தாட்டக்காரர் பெயரை அட்சரம் பிசகாமல் சொல்லிவிட்டு, அதே வாயால் "வாயில நுழையாத பேரா வெச்சிருக்கீங்களே" என்கிறாரே ஒருவர், அவரை என்ன செய்வது? நாக்கு நுனியை மேலே வளைக்க வேண்டும், அண்ணத்தில் ஒட்டாமல் நிறுத்த வேண்டும். ஒட்டினால் ளகரம். அவ்வளவுதான் வித்தை. ஒன்றாம் வகுப்பில் சொல்லிக் கொடுத்ததுதானே ஐயா!

அப்புறம் அடுத்த கேள்வி: "பையனா, பொண்ணா?" சரி, கேட்கலாம். பதில் சொன்ன பிறகும் "அப்போ முழுப் பேரு எழிலரசனா, எழிலரசியா?" இரண்டும் இல்லை, எழில் மட்டும்தான். "அது எப்படிங்க, படிவத்துல முழுப் பேரு போடணுமே?" ஏன், மணி என்று இரண்டு பாலிலும் ஆள் இல்லையா? ஜோதி இல்லையா? தங்கம் இல்லையா? அவர்களிடம் போய் யாராவது வால் எங்கே என்று கேட்டார்களா?

இன்னொரு கூட்டம் இருக்கிறது. "இப்படி ஒரு பேரே கேள்விப்பட்டதில்லையே" என்று ஒரு அத்தை சொன்னார். பக்கத்திலேயே உட்கார்ந்து அவர் மகள், "இப்போ இதானேம்மா டிரெண்டு, யாழ், மகிழ், எழில்னு ஆளாளுக்கு வெக்கிறாங்க" என்றாள். யாருமே வைக்காத பெயரா, எல்லோரும் வைக்கிற பெயரா? முதலில் உங்கள் வீட்டுக்குள் பேசி ஒரு முடிவுக்கு வாருங்கள். டிரெண்டும் இல்லை, மண்ணும் இல்லை. எழில் என்ற பெயரில் சினிமா இயக்குநரே இருக்கிறார், படம் எடுக்க ஆரம்பித்து 25 வருஷத்துக்கு மேல் ஆகிறது.

எண் கணிதக்காரர்களைப் பற்றிப் பேசினால் இரத்தக் கொதிப்பு ஏறும். கடைசியில் இன்னொரு எல் சேர்த்தால் யோகமாம். இருக்கிற எழுத்தையே ஒருவரும் ஒழுங்காகப் படிக்கவில்லை, இதில் உபரி வேறு.

இதெல்லாம் போதாதென்று இப்போது ஒரு சமரசத் திட்டம் வந்திருக்கிறது. "பேரு அப்படியே இருக்கட்டும், கூப்பிடறதுக்கு மட்டும் பப்புனு வெச்சுக்கலாமே?" முடியாது. வீட்டுக்கு வாருங்கள், காபி குடியுங்கள், குழந்தையைக் கொஞ்சுங்கள். பப்பு என்று கூப்பிட்டால் மட்டும் திரும்பிப் பார்க்காது, பார்க்கக் கூடாதென்று சொல்லி வைத்திருக்கிறேன்.