தள்ளிக்கொண்டு போவதும் சைக்கிள் பயணம்தான்

அந்தப் படத்தின் கீழே மூன்று நாட்களாக எழுதப்பட்டதை நீங்களும் படித்திருப்பீர்கள். கணவாய்க்குச் சற்றுக் கீழே, சரளைக்கல் பரவிய மண்சாலையில், பைகள் கட்டிய சைக்கிளைக் குனிந்து தள்ளிச் செல்லும் ஒரு பெண். தன் நீண்ட பயணத்திலிருந்து அவர் பகிர்ந்த ஒரே படம் அதுதான். "நடக்கத்தான் போகிறீர்கள் என்றால் சைக்கிள் எதற்கு?" என்று ஒருவர் தொடங்க, மற்றவர்கள் வரிசையில் வந்து சிரித்துவிட்டுப் போனார்கள். நேற்றிரவு அவர் படத்தை நீக்கிவிட்டார். அதுவரை பொறுத்திருந்த எனக்கு இப்போது பேசாமல் இருக்க முடியவில்லை. மலை மண்சாலையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவதும் சைக்கிள் பயணம்தான்.

தார்ச்சாலையில் மட்டுமே ஓட்டியவர்களுக்கு இது புரியாமல் போனால் நான் வருந்தமாட்டேன். ஆனால் சிரித்தவர்களில் மலை ஏறியவர்களும் இருந்தார்கள். அவர்களுக்குத் தெரிந்த கணக்கையே சொல்கிறேன். ஆளும் சைக்கிளும் சுமையும் சேர்ந்து 100 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து சதவீத ஏற்றத்தில் மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் போக, அந்த எடையை மேலே தூக்குவதற்கு மட்டுமே ஏறத்தாழ 135 வாட் செலவாகிறது. உதிரிக் கல்லில் டயர் புதைந்து உருள்வதற்கு ஆகும் உழைப்பு தனி. வேகம் இன்னும் குறைந்தால் ஹேண்டில்பார் நேராக நிற்காது. எழுந்து நின்று மிதித்தால் பின்சக்கரம் கல்லை வாரியிறைத்துக்கொண்டு நின்ற இடத்திலேயே சுழலும். தஜிகிஸ்தானில், பாமிர் நெடுஞ்சாலையின் அக்பைதல் கணவாய் 4,655 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் அறுபது சதவீதத்துக்கும் குறைவு. அப்படிப்பட்ட இடத்தில் மூச்சையும் முழங்காலையும் அடுத்த நாளுக்கு மிச்சம் வைக்க நினைப்பவர் இறங்கித்தான் நடப்பார்.

இது இன்று வந்த பழக்கமும் இல்லை. உலகத்தைச் சைக்கிளில் முதலில் சுற்றியவர் என்று நாம் போற்றும் தாமஸ் ஸ்டீவன்ஸ், 1884இல் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து பாஸ்டன் வரை உயரமான முன்சக்கரச் சைக்கிளில் போனபோது, அந்த வழியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் நடந்தே கடந்தார். 1897இல் அமெரிக்காவின் 25ஆம் காலாட்படையைச் சேர்ந்த கறுப்பினப் படைவீரர்கள் மொன்டானாவின் மிசூலாவிலிருந்து செயின்ட் லூயிஸ் வரை சுமார் 3,000 கிலோமீட்டரைச் சைக்கிளில் 41 நாட்களில் கடந்தார்கள். சேற்றில் சக்கரம் சுழலாத இடங்களில் அவர்களும் இறங்கித் தள்ளினார்கள். அவர்களிடம் போய் "இது சைக்கிள் பயணமா?" என்று கேட்க யாருக்காவது வாய் வருமா?

எனக்கும் ஒருகாலத்தில் இந்த வீம்பு இருந்தது. சில ஆண்டுகளுக்கு முன், என்னைவிடப் பதினைந்து வயது மூத்த ஓர் அண்ணனுடன் ஒரு மலைப்பாதையில் போனேன். கல் பெருகிய இடத்தில் அவர் இறங்கிவிட்டார். ஐம்பது அடி நடப்பார், நின்று மூச்சு வாங்குவார், மறுபடியும் ஐம்பது அடி. நான் இறங்கவில்லை. மிகக் குறைந்த கியரில், பல்லைக் கடித்துக்கொண்டு, அவருக்கு முன்னால் உச்சியை அடைந்தேன். மறுநாள் காலையில் வலது முழங்காலை மடக்க முடியவில்லை. மூன்று நாட்கள் கூடாரத்தில் கிடந்தேன். அந்த மூன்று நாட்களும் அவர்தான் கீழே ஓடைக்குப் போய் எனக்கும் சேர்த்துத் தண்ணீர் கொண்டுவந்தார். ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. கிளம்பும்போது, "தம்பி, இடது பக்கமே நின்று தள்ளாதே, பெடல் கெண்டைக்காலை இடித்துக்கொண்டே இருக்கும், அவ்வப்போது பக்கம் மாறு" என்று மட்டும் சொன்னார்.

"சுமையைக் குறைத்து, அகல டயர் போட்டு, பெடலோடு சுழலும் முன்பல்சக்கரத்தைப் பல் குறைந்ததாக மாற்றினால் ஓட்டியே ஏறலாம்" என்பார்கள். உண்மைதான், கொஞ்சம் கூடுதல் தூரம் ஓட்டலாம். நானும் அப்படித்தான் மாற்றிக்கொண்டேன். ஆனாலும் தண்ணீர் கிடைக்காத பாதைக்குத் தண்ணீரைச் சுமந்துதான் ஆகவேண்டும். உறைபனி இரவுக்குத் தடித்த உறக்கப்பை வேண்டும். "அப்படியானால் வண்டியில் ஏற்றிக்கொண்டு போகலாமே" என்பவருக்குப் பதில் சொல்ல எனக்கு விருப்பமில்லை. பந்தயத்தைக் காட்டிப் பேசுபவர்களுக்கு ஒன்று: சேறும் தடைகளும் நிறைந்த பாதையில் நடக்கும் சைக்ளோகிராஸ் பந்தயத்தில் சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடுபவரை யாரும் தகுதிநீக்கம் செய்வதில்லை. பந்தயத்திலேயே இடமுள்ள ஒன்றுக்குப் பயணத்தில் இடமில்லை என்று சொல்ல நீங்கள் யார்?

பாரமேற்றிய சைக்கிளைத் தள்ளுவது எளிது என்று நினைப்பவர்கள் ஒரே ஒரு பிற்பகல் தள்ளிப் பார்க்கட்டும். தோள் ஒரு பக்கம் இழுக்கும், மணிக்கட்டு மரத்துப்போகும், காலணி கல்லில் வழுக்கும். நிற்கும்போதெல்லாம் சைக்கிள் பின்னால் உருளாதபடி பிரேக்கை விடாமல் பிடித்திருக்க வேண்டும். அந்தப் பெண் அதையெல்லாம் செய்துகொண்டிருந்த நேரத்தில் எடுத்த படத்தைத்தான் நீங்கள் பார்த்துச் சிரித்தீர்கள்.

ஆனால் நேற்றிரவு முழுவதும் என்னை உறங்கவிடாதது வேறு. நான் இதுவரை பகிர்ந்த பயணப் படங்களை முதலிலிருந்து புரட்டிப் பார்த்தேன். ஒன்றில்கூட நான் சைக்கிளைத் தள்ளவில்லை. அந்தப் பாதைகளில் மணிக்கணக்காகத் தள்ளியிருக்கிறேன். படம் எடுக்கும் நேரத்தில் மட்டும் ஏறி உட்கார்ந்திருக்கிறேன். அவற்றைப் பார்த்துப் பாராட்டியவர்களில் சிலர்தான் இன்று அவரைப் பார்த்துச் சிரித்தவர்கள். மலைப்பாதை என்றால் இப்படித்தான் இருக்கும் என்று அவர்களை நம்பவைத்ததில் எனக்கும் பங்குண்டு. அந்தப் பெண்ணிடம் இதற்காக நான் மன்னிப்புக் கேட்டாக வேண்டும், கேட்கிறேன்.

முழங்கால் குணமான பிறகு, அதே பயணத்தின் அடுத்த ஏற்றத்தில், எனக்குத் தெரியாமல் அந்த அண்ணன் பின்னாலிருந்து எடுத்த படம் ஒன்று என்னிடம் இருக்கிறது. முகம் தெரியாது. வளைந்த முதுகும், புழுதி படிந்த பைகளும், தேய்ந்த காலணியும் தெரியும். இத்தனை ஆண்டுகள் யாருக்கும் காட்டாத அந்தப் படத்தைக் கீழே இணைத்திருக்கிறேன்.