எச்சில் கையும் எங்கள் வீட்டுக் கடனும்

சனிக்கிழமை மண்டபத்தில் நடந்ததைப் பற்றி எழுதக்கூடாது என்றுதான் மூன்று நாட்களாக இருந்தேன். அங்கே இருந்தவர்களில் பாதிப் பேர் இங்கேயும் இருக்கிறீர்கள். வராதவர்களுக்கும் மறுநாளே செய்தி போய்விட்டது. "மாமா விளையாட்டாகத்தானே சொன்னார், அதற்காகப் பாதிச் சாப்பாட்டில் இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டாயே" என்று இன்று காலை வரை நான்கு பேர் தொலைபேசியில் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்ல எனக்குத் தெம்பில்லை. இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

எச்சில் கையால் காக்கை ஓட்டாதவள் என்று என்னைப் பற்றி மாமா சொன்னார். பந்தி நடுவில், எல்லோர் காதிலும் விழும்படி, என் மகள் எதிர் வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது சொன்னார். அதற்கு முந்தைய நிமிடம்தான் என் கணவரின் தோளில் தட்டி, "மாப்பிள்ளை சாமர்த்தியசாலி, இருபது வருடக் கடனைப் பதினொரு வருடத்தில் முடித்துவிட்டார்" என்று பாராட்டியிருந்தார். ஒரே கடன், ஒரே வீடு, ஒரே குடும்பம். அவருக்குச் சாமர்த்தியம் என்றும் எனக்குக் கஞ்சத்தனம் என்றும் எப்படிப் பிரிந்தது? யாராவது எனக்கு விளக்குங்கள்.

கஞ்சத்தனம் வேறு, சிக்கனம் வேறு. இதைத்தான் இந்தப் பதிவு முழுக்கச் சொல்லப்போகிறேன். சலிப்பாக இருந்தால் மன்னித்துவிடுங்கள்.

2014 ஜூன் மாதம் கடன் வாங்கினோம். சேலத்தில் கன்னங்குறிச்சிப் பக்கம் மனை இருந்தது, கட்டடத்துக்குப் பணம் இல்லை. 15 லட்சம் ரூபாய், 10.25 சதவீதம், மாறும் வட்டி, 240 தவணை. மாதம் 14,725 ரூபாய். என் கணவருக்கு நூற்பாலையில் அப்போது 22,000 சம்பளம், எனக்குத் துணிக்கடையில் கணக்கு எழுதுவதற்கு 9,000. வரும்படியில் பாதி தவணைக்கே போய்விடும் என்று தெரிந்துதான் கையெழுத்துப் போட்டோம். எனக்குத் தெரியாதது வேறொன்று. ஓராண்டு முடிந்ததும் வங்கியில் கணக்கு அறிக்கை வாங்கிப் பார்த்தேன். நாங்கள் கட்டியிருந்தது 1,76,700 ரூபாய். அசலில் குறைந்திருந்தது வெறும் 24,000 சொச்சம்.

ஊரார் கணக்கை எழுதிப் பிழைப்பவள் நான். எங்கோ தவறு நடந்திருக்கிறது என்று நினைத்து இரவு பதினொரு மணி வரை கூட்டிக் கூட்டிப் பார்த்தேன். தவறே இல்லை. முதல் தவணையில் 12,812 ரூபாய் வட்டிக்குப் போயிருந்தது, அசலுக்குப் போனது 1,912. இருபது ஆண்டுகளும் ஒழுங்காகக் கட்டினால் 15 லட்சத்துக்கு 35 லட்சத்துக்கு மேல் கட்டியிருப்போம். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அவர் தூங்கினார், பகல் முழுக்க எந்திரத்தோடு நின்றவர், குறை சொல்லவில்லை.

மகளுக்கு வளையல் எடுக்கலாம் என்று ஓர் ஏலச்சீட்டு கட்டிக்கொண்டிருந்தேன். அந்த 50,000 ரூபாயை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போனேன். இடையில் கட்டினால் அபராதம் உண்டு என்று அங்கே ஒருவர் சொன்னார். மாறும் வட்டி வீட்டுக்கடனுக்கு அப்படி வாங்கக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012ஆம் ஆண்டிலேயே உத்தரவு போட்டிருந்ததை நான் படித்துவிட்டுப் போயிருந்தேன். அரை மணி நேரம் நின்றேன். கட்டிக்கொண்டார்கள். தவணைத் தொகையைக் குறைக்க வேண்டாம், காலத்தைக் குறையுங்கள் என்று கைப்பட எழுதிக் கொடுத்தேன். அந்த ஒரே 50,000 ரூபாய் வால்பக்கத்தில் 21 தவணைகளை அழித்தது. அவற்றைக் கூட்டினால் மூன்று லட்சத்துக்கு மேல்! கடனின் தொடக்கத்தில் கட்டுகிற பணத்துக்கு இருக்கும் பலம் கடைசியில் கட்டுகிற பணத்துக்கு இல்லை. இதை அன்றைக்கு எனக்குச் சொல்லிக்கொடுக்க யாரும் இல்லை. இன்று நான் சொன்னால் கஞ்சப்பிசினாறி.

அதற்குப் பிறகு ஆண்டுக்கு முப்பது, நாற்பதாயிரம் கூடுதலாகக் கட்டினோம். எங்கிருந்து வந்தது? அவருடைய தீபாவளி போனஸ் கொஞ்சம். மீதி முழுவதும் என் வீட்டுச் செலவு நோட்டில் மிச்சம் பிடித்ததிலிருந்து வந்தது. மாத மளிகையை லீ பஜாரில் மொத்தமாக வாங்கினேன். காய்கறிக்கு அஸ்தம்பட்டி உழவர் சந்தை, பலகையில் எழுதியிருக்கும் விலையை முதலில் படித்துவிட்டு, அன்று எது மலிவோ அதுதான் அன்றைய குழம்பு. 2021 மே மாதம் நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று அரசு அறிவித்தபோது, போகவர ஆகும் இருபது ரூபாயை அன்று முதல் ஒரு டப்பாவில் போட ஆரம்பித்தேன். மாதம் 520 ரூபாய். இதில் யாருடைய இலையிலிருந்து எதை எடுத்தேன்? எந்தக் காக்கையைப் பட்டினி போட்டேன்?

சனிக்கிழமை மாலை நான்கு ரோடு பக்கம் நாங்கள் நிற்காத வாரம் உண்டா? ஆளுக்கு ஒரு தட்டுவடை செட், மகளுக்கு இரண்டு. ஆடி வந்தால் கோட்டை மாரியம்மன் பொங்கல், குகை வண்டி வேடிக்கை. மாம்பழக் காலத்தில் மல்கோவா ஒரு கூடை, அதற்கு விலை பார்த்ததே இல்லை. என் அம்மா கடைசி நான்கு மாதம் படுக்கையில் கிடந்தபோது ஒரு மருந்தைக்கூட நாளைக்கு என்று தள்ளவில்லை, அந்த ஆண்டு வங்கிக்குக் கூடுதலாக ஒரு ரூபாயும் போகவில்லை. கஞ்சத்தனம் இப்படியா இருக்கும்?

கடன் முடிந்த செய்தியோடு நான் போட்ட படத்தின் கீழே கருத்து எழுதிய தம்பிக்கும் பதில் சொல்ல வேண்டும். "அக்கா, அந்தப் பணத்தை மாதாமாதம் பரஸ்பர நிதியில் (மியூச்சுவல் ஃபண்ட்) போட்டிருந்தால் 12 சதவீதம் வந்திருக்கும், 9 சதவீதக் கடனை அவசரமாக அடைத்தது தவறான முடிவு" என்று எழுதியிருந்தான். படித்த பிள்ளை, மரியாதையாகத்தான் எழுதினான். தம்பி, உன் 12 யாரும் எழுதிக்கொடுத்த 12 இல்லை. என் 9, மாறும் வட்டியில் 10.25இலிருந்து இறங்கிய 9, வங்கி முத்திரையோடு இருந்தது. 2020 ஜனவரியில் 42,000 புள்ளிகளைத் தொட்ட பங்குச்சந்தைக் குறியீடான சென்செக்ஸ் மார்ச் 23ஆம் தேதி 26,000க்குக் கீழே கிடந்தது. அதே வாரம்தான் கொரோனா ஊரடங்கில் ஆலையைப் பூட்டினார்கள். அவருக்கு இரண்டு மாதம் அரைச் சம்பளம். அந்த நேரத்தில் என் பணம் அங்கே கிடந்திருந்தால் அடிமாட்டு விலைக்கு எடுத்துத்தான் அரிசி வாங்கியிருப்பேன். பிறகு சந்தை ஏறியது, பொறுத்தவர்கள் சம்பாதித்தார்கள் என்பாய். உண்மை. பொறுப்பதற்கு வேறு வருமானம் வேண்டும் தம்பி.

அப்போது ஆகஸ்ட் வரை தவணையைத் தள்ளிவைக்கலாம் என்று அனுமதி கொடுத்தார்கள். தள்ளிவைத்த மாதங்களுக்கும் வட்டி ஓடும் என்பதைப் பலர் கவனிக்கவில்லை. நாங்கள் தள்ளவில்லை. முகக்கவசம் தைத்துக் கொடுத்து, அந்த ஆண்டும் 8,000 ரூபாய் கூடுதலாகக் கட்டினேன். 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் ரெப்போ விகிதம் (வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கொடுக்கும் கடனுக்கான வட்டி) 4 சதவீதத்திலிருந்து 6.5 ஆக ஏறியபோது, எங்கள் தெருவிலேயே இருவருக்குத் தவணை அப்படியே இருக்க, கடன் காலம் ஐந்தாறு ஆண்டுகள் நீண்டுபோனது. அதில் ஒருவருக்கு ஓய்வு பெறும் வயதுக்கு அப்பாலும் தவணை நிற்கிறது. எங்களுக்கு அப்போது பாக்கி வெகுவாகக் குறைந்திருந்தது, வட்டி ஏறியது பெரிதாக உறைக்கவில்லை.

வீட்டுக்கடனுக்குக் கிடைக்கும் வருமான வரிச்சலுகை போய்விடுமே என்றும் ஒருவர் கேட்டார். எங்கள் சம்பளத்துக்கு வரியே வரவில்லை ஐயா.

தங்கம் வாங்கியிருக்கலாம் என்று அத்தை சொன்னார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. 2015இல் கிராம் 2,500 ரூபாயைச் சுற்றி இருந்தது, 2025இல் பத்தாயிரத்தைத் தாண்டிவிட்டது. அந்த வளையல் வளையலாகவே இருந்திருந்தால் லாபம்தான். ஆனால் எங்கள் குடும்பத்தில் தங்கம் பீரோவில் தங்கியதை நான் பார்த்ததில்லை. என் அம்மா தறிக்காரர் மனைவி. அம்மாப்பேட்டையில் இருந்த எங்கள் வீட்டில் நெய்யப் பாவு நூல் வாங்க முதலாளியிடம் முன்பணம், முன்பணத்தை அடைக்க அடகு, அடகை மீட்கக் கைமாற்று. அம்மாவின் தோடு அவர் காதில் இருந்த நாட்களைவிட அடகுக்கடையில் இருந்த நாட்கள் அதிகம். வட்டிக்காரர் வாசலில் வண்டியை நிறுத்தும் சத்தம் கேட்டால் அம்மா எங்களை உள்ளே போகச் சொல்லிவிட்டுத் தான் மட்டும் நிற்பார். அந்தச் சத்தத்தைக் கேட்டு வளர்ந்தவளிடம் கடனை மெதுவாக அடைக்கலாம் என்று சொல்லாதீர்கள். மாமா, என் அம்மா உங்கள் கூடப் பிறந்த அக்கா. உங்களுக்கும் அது தெரியும்.

இப்போது மாமா இரண்டாவதாகச் சொன்னது. "பிள்ளை வயிற்றைக் கட்டி வீட்டைக் கட்டினாள்" என்றார். சிரிப்பு அதற்குத்தான் அதிகமாக வந்தது. என் மகள் ஒருநாளும் பசித்துத் தூங்கியதில்லை. அவளுக்குப் பால், முட்டை, பழம் எதிலும் நான் கணக்குப் பார்த்ததில்லை. பள்ளிக் கட்டணம் ஒரு தவணைகூடத் தாமதமானதில்லை.

மைசூர் சுற்றுலாவைத்தான் அவர் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும். 2018, அவள் ஆறாம் வகுப்பு. 3,200 ரூபாய். வகுப்பில் ஏழு பேர் போகவில்லை, அந்த ஏழில் இவளும் ஒருத்தி. கையில் பணம் இல்லாமல் இல்லை. அந்த மாதம் வங்கிக்குக் கட்ட எடுத்துவைத்த பணம் இருந்தது, எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. அவள் அழவில்லை, "சரிம்மா" என்றாள். அந்த ஞாயிற்றுக்கிழமை மூவரும் பஸ்ஸில் ஏற்காடு போனோம், ஏரியில் படகு விட்டோம், அவளுக்கு ஒரு தொப்பி வாங்கிக்கொடுத்தேன். அது மைசூர் ஆகாது. அதை நான் மாமா சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. அவள் இப்போது கல்லூரியில் முதலாண்டு. சனிக்கிழமை பந்தியில் அவள் தலை குனிந்து சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தாள். நான் எழுந்தது அதனால்தான். காக்கைப் பேச்சுக்காக எழுந்ததாக நினைப்பவர்கள் அப்படியே நினைத்துக்கொள்ளுங்கள்.

"பெரியவர் ஒரு வார்த்தை சொன்னால் பொறுக்கக்கூடாதா" என்கிறார்கள். பதினொரு ஆண்டுகளாகப் பொறுத்தேன். கல்யாண மொய்யில் 501 எழுதினால் பேச்சு, புடவையை இரண்டாம் முறை கட்டினால் பேச்சு. பொறுத்தேன். அன்றைக்குப் பொறுக்க முடியாமல் போனதற்கு மாமா மட்டும் காரணம் இல்லை, இதையும் எழுதிவிடுகிறேன்.

என் கணவர் பக்கத்து இலையில்தான் இருந்தார். சாமர்த்தியசாலி என்றபோது சிரித்தார். காக்கைப் பேச்சு வந்தபோதும் அந்தச் சிரிப்பு முகத்தில் அப்படியே இருந்தது. "மாமா, கணக்கு முழுக்க அவளுடையது" என்று ஒரு வாக்கியம். ஐந்து சொல்கூட இல்லை. அதைச் சொல்லியிருந்தால் நான் ரசம், மோர் எல்லாம் சாப்பிட்டுவிட்டு நிதானமாகக் கை கழுவியிருப்பேன். வீட்டுக்கு வந்து, "விடு, பெரியவர்தானே" என்றார். நல்ல மனிதர். குடிக்கமாட்டார், கைநீட்டமாட்டார், சம்பளக் கவரைப் பிரிக்காமல் கொடுப்பார். இதையெல்லாம் எழுதாவிட்டால் நாளைக்கு நீங்கள் அவரைத் தப்பாக நினைப்பீர்கள் என்பதால் எழுதுகிறேன். ஆனாலும் அந்த ஒரு வாக்கியம்.

இரவு பீரோவைத் திறந்து மஞ்சள் பையை வெளியே எடுத்தேன். கடன் முடிந்த 30 நாட்களுக்குள் பத்திரத்தைத் திருப்பித் தரவேண்டும், தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் தரவேண்டும் என்று 2023 டிசம்பர் முதல் விதி இருப்பதால் எங்களுக்கு அலைச்சல் இல்லாமல் வந்து சேர்ந்த பத்திரம். பதினொரு ஆண்டுகளாக வங்கிப் பெட்டகத்தில் இருந்ததை முதல்முறையாக முழுவதும் படித்தேன். கடன் ஒப்பந்தத்தில் ஒவ்வொரு பக்கத்திலும் இணைக் கடனாளி என்று என் கையெழுத்து இருக்கிறது. மூலப்பத்திரத்தில் அவர் பெயர் மட்டும்தான். கல்யாணத்துக்கு முன்பே அவர் வாங்கிய மனை, அதனால் அப்படி இருப்பது இயல்பு. இத்தனை ஆண்டுகளில் ஒருநாளும் எனக்கு அது தோன்றியதில்லை. சனிக்கிழமை இரவு தோன்றியது.

வில்லங்கச் சான்றில் இன்னும் வங்கியின் பெயர் நிற்கிறது. அடமானம் தீர்ந்ததைக் காட்டும் ரத்து ரசீதைப் பதிவு செய்ய வருகிற திங்கட்கிழமை இருவரும் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போகிறோம். குடும்பத்துக்குள் சொத்தை எழுதிக்கொடுக்கும் செட்டில்மென்ட் பத்திரம் எழுத என்ன செலவாகும் என்று அங்கே கேட்கப்போகிறேன். அவரிடம் இதை இன்னும் சொல்லவில்லை. இந்தப் பதிவை இரவு வேலை முடிந்து வந்து படிப்பார்.