நெற்றி சைனஸ் அறுவை சிகிச்சையில் எலும்பை எடுத்துவிடுவார்களா?
நெற்றி சைனஸில் (நெற்றி எலும்புக்குள் உள்ள காற்றறை) அடிக்கடி சீழ் கட்டுபவர்களுக்கு எலும்பை வெட்டி எடுப்பார்கள், நெற்றி குழிந்துவிடும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மானிய அறுவை மருத்துவர் ரீடல் செய்த முறைக்குப் பொருந்துமே தவிர, இன்றைய எண்டோஸ்கோப்பி (கேமரா பொருத்திய மெல்லிய குழாய்) சிகிச்சைக்குப் பொருந்தாது. இப்போது பெரும்பாலானோருக்கு மூக்கின் வழியாகவே நுண்கருவிகளைச் செலுத்தி, சைனஸின் அடைபட்ட வடிகால் பாதையை அகலப்படுத்துகிறார்கள். முகத்தில் வெட்டு விழுவதில்லை. எந்த அளவுக்கு அகலப்படுத்துவது என்பதை ஜெர்மானிய மருத்துவர் வோல்ஃப்காங் டிராஃப் 1991இல் மூன்று வகைகளாக வரையறுத்தார். இருபக்கச் சைனஸ்களுக்கும் ஒரே பொதுவழி அமைக்கும் மூன்றாம் வகை, பெரும்பாலும் முந்தைய அறுவை பலன் தராதவர்களுக்கே செய்யப்படுகிறது. நெற்றியைத் திறந்து செய்ய வேண்டிய நிலை இன்றும் சிலருக்கு வரும், ஆனால் அது அரிது.

ஒருமுறை செய்தால் தொற்று திரும்பவே வராது என்ற எதிர்ப்பேச்சும் சரியல்ல: திறந்த வழி மீண்டும் சுருங்கலாம், உப்புநீரால் மூக்கைக் கழுவுவதும் ஸ்டீராய்டு ஸ்ப்ரேயும் தொடர வேண்டியிருக்கும். கண்ணும் மூளையும் மிக அருகில் இருப்பதால்தான் முன்னதாகவே சிடி ஸ்கேன் எடுக்கிறார்கள்.