சமையல் குறிப்பைக் காய் பெயரில் எழுதி வையுங்கள்

போன வாரம் கொல்லை வாழையில் பூ ஒடித்து வந்து, ஒவ்வொன்றாக நரம்பு எடுத்து, நறுக்கி மோர்த்தண்ணீரில் போட்டுவிட்டேன். அப்புறம்தான் மாமியாரின் நோட்டை எடுத்தேன். வாழைப்பூவோடு முருங்கைக்கீரை சேர்த்து அத்தை ஒரு துவட்டல் செய்வார். அது அந்த நோட்டில் இருக்கிறது என்று நன்றாகத் தெரியும். 'பொரியல்' பக்கங்களை முழுக்கப் புரட்டினேன், இல்லை. கையெல்லாம் கறை, தொட்ட பக்கமெல்லாம் கறுப்பு விரல் அடையாளம். கடைசியில் 'பிள்ளை பெற்றவளுக்கு' என்ற தலைப்பின் கீழ் கிடைத்தது.

குழம்பு, கூட்டு, பொரியல், டிபன் என்று பிரித்து எழுதும் பழக்கம் நம் எல்லோரிடமும் இருக்கிறது. வீட்டுச் சமையலுக்கு அது உதவாது என்பது என் உறுதியான எண்ணம். இன்றைக்குக் கூட்டு வைக்க வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு யார் அடுப்படிக்குப் போகிறோம்? கையில் இரண்டு கத்தரிக்காய் இருக்கும், அல்லது மோர் புளித்துப் போயிருக்கும். அங்கிருந்துதான் சமையல் தொடங்குகிறது.

மீனில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். எங்களுக்குத் திருத்துறைப்பூண்டி பக்கம். முத்துப்பேட்டையிலிருந்து வண்டியில் மீன் வரும். கூடையைத் திறந்தால்தான் அன்றைய சமையல் என்னவென்று தெரியும். கொடுவா என்றால் வறுவல், சுறா என்றால் புட்டு, கெளுத்தி என்றால் புளி தூக்கலாகக் குழம்பு. 'மீன் குழம்பு' என்று ஒரே தலைப்பில் எல்லாவற்றையும் எழுதி வைத்தால், கெளுத்தியைக் கையில் வைத்துக்கொண்டு எந்தப் பக்கத்தைப் பார்ப்பது?

அதனால் நோட்டை விட்டுவிட்டு ரிங் ஃபைலுக்கு மாறிவிட்டேன். ஒரு தாளில் ஒரு பதார்த்தம்தான். தாளின் தலையில் பெரிதாகக் காயின் பெயர் அல்லது மீனின் பெயர், அதற்குக் கீழேதான் பதார்த்தத்தின் பெயர். நோட்டில் நடுவே ஒரு பக்கம் நுழைக்க முடியாது, ஃபைலில் முடியும். ஒவ்வொரு தாளுக்கும் பிளாஸ்டிக் உறை போட்டிருக்கிறேன். 2018 நவம்பரில் கஜா புயல் ஓட்டைப் பிரித்துப் போட்ட இரவில் அத்தையின் நோட்டு நனைந்து, மை பேனாவில் எழுதிய பக்கங்கள் பாதி கரைந்துவிட்டன. அது நடந்திராவிட்டால் உறை போடும் எண்ணமே வந்திருக்காது.

ஒரே பதார்த்தம் இரண்டு இடத்துக்கு உரியதாக இருந்தால்? கும்பகோணம் கடப்பாவை எடுத்துக்கொள்ளுங்கள். பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் சேர்வது, இட்லிக்குத் தொட்டுக்கொள்வது. உருளைக்கிழங்கின் கீழ் முழுசாக எழுதியிருக்கிறேன். பாசிப்பருப்பில் 'கடப்பா, உருளையில் பார்' என்று ஒரே வரி. நாள் கிழமைக்குச் செய்பவை மட்டும் தனி. அவை காயைப் பார்த்து வருவதில்லை, ஆடிப் பதினெட்டுக்குக் காப்பரிசி, மார்கழித் திருவாதிரைக்குக் களி என்று மாதத்தைப் பார்த்து வருகின்றன. அவற்றைத் தமிழ் மாத வரிசையில் வைத்தேன்.

அப்புறம் அளவு. அத்தை எல்லாவற்றையும் ஆழாக்கில்தான் எழுதியிருக்கிறார். எட்டு ஆழாக்கு ஒரு படி என்பது என் மகளுக்குத் தெரியாது, தெரிந்தாலும் பெங்களூரில் அவளிடம் ஆழாக்கு கிடையாது. எங்கள் வீட்டுப் பித்தளை ஆழாக்கில் பச்சரிசியைத் தலை தட்டி அளந்து தராசில் வைத்தேன், ஏறக்குறைய 140 கிராம். உளுந்து, பாசிப்பருப்பு, பொடித்த வெல்லம் எல்லாவற்றையும் இப்படி நிறுத்து முதல் தாளில் எழுதிவிட்டேன். ஃபைலில் மகள் அதிகம் பார்ப்பது அந்தத் தாளைத்தான்.

போனில் சேர்த்து வைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். வாட்ஸ்அப்பில் வந்த குரல் பதிவையும் நோட்டுப் படத்தையும் பேரைப் போட்டுத் தேடினால் கிடைக்காது. அனுப்பும்போதே கூட ஒரு வரி தட்டச்சு செய்யுங்கள்: காயின் பெயர், பதார்த்தத்தின் பெயர், சொன்னவர் யார். அந்த ஒரு வரி இருந்தால் நாலு வருடம் கழித்தும் தேடி எடுக்கலாம்.

"கைப்பழக்கம்தானே, எழுதி என்ன ஆகப்போகிறது" என்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகவே முடியாது. இரண்டாம் சரபோஜி மன்னர் 1832இல் இறந்தார். அவர் அரண்மனைச் சமையலை யாரோ உட்கார்ந்து எழுதி வைத்ததால் அந்தச் சுவடி தஞ்சாவூர் சரஸ்வதி மகாலில் இன்றும் இருக்கிறது. எங்கள் அத்தை போய் ஆறு வருடம்தான் ஆகிறது. கெளுத்திக் குழம்பில் மாங்காயைக் கொதிக்கும் முன் போடுவாரா, இறக்கும்போது போடுவாரா என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. அந்தத் தாளில் அந்த இடத்தை வெறுமையாகவே விட்டிருக்கிறேன்.

வாழைப்பூத் தாளில் நானாக எதையும் எழுதவில்லை. நோட்டிலிருந்து அத்தை எழுதிய பக்கத்தையே வெட்டி ஒட்டிவிட்டேன், என் விரல் கறையோடு. மூலையில் பென்சிலால் அவர் எழுதியது இப்போதுதான் கண்ணில் பட்டது: 'கீரையைக் கடைசியில் போடு, மூடாதே.'