தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே ஆடிய ஊர்

ஒரு ஸ்டேஷனை மூடலாமா என்று பேச்சு வந்தாலே "எத்தனை டிக்கெட் விற்கிறது?" என்று கேட்பவர்கள் மேல் எனக்குக் கோபம் வரும். வட இங்கிலாந்தில் இருக்கும் கார்ஸ்டேலைப் பார்த்த பிறகு அது இன்னும் கூடிவிட்டது.

பள்ளத்தாக்கு நெடுகத் தள்ளித் தள்ளிப் பண்ணை வீடுகள், ஆடுகள், ஓயாத காற்று. நடு ஊர் என்று சொல்ல ஓர் இடம் கிடையாது. 1876-ல் செட்டில் - கார்லைல் பாதையில் ஸ்டேஷன் வந்தது, அப்போது அதற்கு ஹாஸ் ஜங்ஷன் என்று பெயர். மிட்லண்ட் ரயில்வே தன் ஆட்களுக்கு அங்கேயே வரிசையாக வீடுகளும் கட்டிக் கொடுத்தது. அப்புறம் அந்த ஸ்டேஷனே ஊராகிவிட்டது. வெயிட்டிங் ரூமில் ஆராதனை நடந்திருக்கிறது, சின்ன நூலகமும் இருந்திருக்கிறது. இன்ஜின்களுக்கான தண்ணீர்த் தொட்டியை ஒரு கல் கட்டடத்தின் தலையில் ஏற்றி வைத்திருந்தார்கள். அந்தக் கட்டடத்துக்குள் நடனம், விருந்து எல்லாம்! மேலே அவ்வளவு தண்ணீர் நிற்க, கீழே ரயில்வே குடும்பங்களும் பண்ணைக்காரர்களும் கைகோத்து ஆடியதை நினைத்தால் எனக்கு மனசு நிறைந்துவிடுகிறது.

அங்கே இன்றும் சொல்லும் ஒரு கதை உண்டு. 1900 வாக்கில் சுழல்மேடையில் ஏற்றித் திருப்பிக்கொண்டிருந்த இன்ஜினைக் காற்று பிடித்துக்கொண்டதாம், நிறுத்த முடியாமல் அது சுற்றிக்கொண்டே இருந்ததாம், கடைசியில் குழியில் மணலை அள்ளிப் போட்டுத்தான் நிறுத்தினார்களாம். அதற்குப் பிறகு பழைய ஸ்லீப்பர் கட்டைகளை நட்டு, சுற்றி வேலியே போட்டுவிட்டார்கள்.

துக்கமும் இதே இடத்தில்தான். 1910 டிசம்பர் 24 விடியற்காலை, மெயின் லைனில் நின்ற இரண்டு இன்ஜின்களை சிக்னல்காரர் மறந்துபோய் எக்ஸ்பிரஸுக்கு வழி விட்டுவிட்டார். 12 பேர் இறந்தார்கள்.

1970-ல் ஸ்டேஷனை மூடினார்கள், 1986-ல் திறந்தார்கள். அதற்குள் பாதையையே மூடும் பேச்சு வந்துவிட்டது. ஆட்சேபித்து இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் எழுதினார்கள், அதில் ரஸ்வார்ப் என்ற நாயின் பாதச் சுவடும் ஒன்று. காசு கொடுத்துப் பயணம் செய்த நாய் என்பதால் அதையும் ஏற்றுக்கொண்டார்கள், சரிதானே? 1989 ஏப்ரலில் பாதை பிழைத்தது.

அந்த நாயை வளர்த்தவர் கிரகாம் நட்டால், பாதையைக் காக்கும் இயக்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். 1990 ஜனவரியில் வேல்ஸ் மலையில் நடக்கப் போனவர் திரும்பவில்லை. ஏப்ரலில்தான் உடல் கிடைத்தது. பனியிலும் மழையிலும் 11 வாரம் ரஸ்வார்ப் பக்கத்திலேயே இருந்திருக்கிறது. நடக்கத் தெம்பில்லாத அதைத் தூக்கிவந்து காப்பாற்றினார்கள், எஜமானரின் இறுதிச் சடங்கு வரைக்கும் உயிரோடு இருந்தது.

2009-ல் அதற்கு கார்ஸ்டேல் பிளாட்பாரத்தில் சிலை வைத்தார்கள். நான் போன அன்று தூறல். ஈரமாக இருந்த அதன் தலையில் கை வைத்து நின்றேன், அடுத்த ரயிலுக்கு இன்னும் நிறைய நேரம் இருந்தது.